களைத்த ராஜா கையைத் தூக்கலாம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் தொண்டையைத் தவிர எல்லாரும் நலம். அங்கே நீயும், மாமாவும், மாமாவின் முழங்காலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனை எடுத்துப் பேசாமல் இவன் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டான் என்று நீ முகத்தைச் சுளிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. போனில் பேசினால் பக்கத்து அறையில் உன் மருமகள், அதாவது என் அருமை மகள், காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். விஷயமே அவளைப் பற்றியதுதான். ஆகவே அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கிவிட்டு வந்து நிதானமாகப் படி.

விளையாட்டு வாத்தியாருக்கு மைதானம்தான் வீடு. அந்த வீட்டில் குழாய் பதிக்கிறோம் என்று குறுக்கும் நெடுக்குமாகக் குழி வெட்டிப் போட்டுவிட்டார்கள். பெய்த மழையில் குழியெல்லாம் குளம். நான் கழுத்தில் விசிலோடு வராந்தாவில் அனாதையாக உலாத்திக்கொண்டிருந்தேன். அதே நேரம் பார்த்து நாடக டீச்சர் பிரசவ விடுப்பில் போனார். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "சார், உங்களுக்கு மைதானம் இல்ல, அவங்க பசங்களுக்கு டீச்சர் இல்ல. ரெண்டு கஷ்டத்தையும் சேர்த்து வச்சா சரியாப் போயிடும்" என்றார். "மேடம், எனக்கு நாடகத்தைப் பத்தி ஆனா ஆவன்னா கூடத் தெரியாது" என்றேன். "உங்க குரல் மூணாவது மாடி வரைக்கும் கேக்குது. பாதி நாடகம் அதுதான்" என்று சொல்லிச் சாவியைக் கையில் திணித்துவிட்டார். மீதிப் பாதி என்ன என்று கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது. எந்த வகுப்பு என்று பார்த்தால் ஏழாம் வகுப்பு, அதாவது உன் மருமகளின் வகுப்பு. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று பார்த்தேன்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் தண்ணீர் பாட்டில் கதையைச் சொல்ல வேண்டும். அவள் இந்த வருஷம்தான் நான் வேலை பார்க்கிற பள்ளிக்கு வந்தாள். முதல் நாள் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுப் போகிறாளே என்று, பெற்ற பாசத்தில், வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து "பாப்பா! தங்கம்! தண்ணி பாட்டில்!" என்று கூப்பிட்டேன். தப்பா அக்கா? கூப்பிட்டது மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டுவிட்டது. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் முழுக்க அவளுக்குப் பெயர் பாப்பா. கணக்கு வாத்தியார் கூட ஒரு நாள் வாய் தவறி "பாப்பா, போர்டுக்கு வா" என்று சொல்லிவிட்டாராம். வீட்டுக்கு வந்து பையை எறிந்துவிட்டுச் சட்டம் போட்டாள். "கேட்டுக்குள்ள நீங்க சார், நான் ஸ்டூடன்ட். நான் உங்கள அப்பான்னு கூப்பிட மாட்டேன். நீங்களும் என்னத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது." உன் தம்பி பொண்டாட்டி அடுக்களையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பள்ளிக்கு நடக்கும்போது எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு பஸ்ஸை நிறுத்தலாம், அவ்வளவு இடைவெளி. கேட்டுக்குள் மட்டும் என்று போட்ட சட்டம் மெல்ல வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. "ம்", "சரி", "சாவி எங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அப்பா என்ற சொல்லைக் காதால் கேட்டு எத்தனையோ மாதம் ஆகிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது அக்கா, எனக்கு அது ரொம்ப வலித்தது.

சரி, தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்று நாடக அறைக்குள் போனேன். முப்பத்தைந்து பிள்ளைகள். ஓடுகிற பாம்பை மிதிக்கிற வயசு. உன் மருமகள் கடைசி வரிசையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, இந்த மனுஷன் யாரோ என்பது போல் உட்கார்ந்திருந்தாள். அலமாரிக் கதவில் நாடக டீச்சர், "முதலில் உடல், பிறகு குரல், பிறகு கற்பனை" என்று ஒட்டி வைத்திருந்தார். உடல் நமக்குக் கைவந்த கலை. மேஜைகளை ஓரம் தள்ளி ஓடவிட்டேன், குதிக்கவிட்டேன், குனிய வைத்தேன். குரலுக்கு, மேடத்தின் அறை வரை கேட்கிற மாதிரி ஆளுக்கொரு தடவை "ஹோ" என்று கத்தச் சொன்னேன். மேடமே வந்துவிட்டார். மாட்டிக்கொண்டது கற்பனையில்தான். "எல்லாரும் மரம் மாதிரி நில்லுங்க" என்றேன். எளிதான வேலை என்று நினைத்துத்தான் சொன்னேன். "என்ன மரம் சார்?" "ஏதோ ஒரு மரம்பா." "இலை இருக்கா, உதிர்ந்துடுச்சா சார்?" "சார், காத்து எந்தப் பக்கம் அடிக்குது?" "சார், எனக்கு வயசு எத்தனை?" என் சர்வீசில் மரத்துக்கு வயசு கேட்ட பிள்ளையை அன்றுதான் பார்த்தேன். நான் பதில் யோசிப்பதற்குள் ஒரு மரம் தடாலென்று தரையில் விழுந்தது. பதறிப்போய் ஓடினால், "ஒண்ணுமில்ல சார், என்னை வெட்டிட்டாங்க" என்றது. பக்கத்து மரம் அதற்காக விசும்பி விசும்பி அழுகிறது. நிஜக் கண்ணீர் அக்கா! நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஒரு மாதத்தில் நானும் ஒரு மாதிரி பழகிவிட்டேன். எனக்குத் தெரிந்த வழியில் சொல்லிக் கொடுத்தேன். சோகம் என்றால் என்ன என்று கேட்டார்கள். "கடைசி நிமிஷத்துல எதிர் டீம் கோல் போட்டுடுச்சு, அதுதான் சோகம்" என்றேன். முப்பத்தைந்து முகமும் இழவு வீடாக மாறிவிட்டது. ஒரு தடவை விசில் ஊதினால் எல்லாரும் சிலை. இரண்டாவது தடவை ஊதினால்தான் உயிர். அதுவரை இமை கூட அசையக் கூடாது. மேடையில் சம்பந்தமில்லாமல் சிரித்தால் மஞ்சள் அட்டை, மறுபடி சிரித்தால் சிவப்பு அட்டை, வெளியே போ. பிள்ளைகள் உயிராகப் பிடித்துக்கொண்டார்கள். உன்னிடம் மறைப்பானேன், அந்த அறையில் நான் சிரித்த சிரிப்பை மைதானத்தில் பத்து வருஷமாகச் சிரித்ததில்லை.

பிறகு பெற்றோர் தினத்துக்கு நாடகம் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. கதையைப் பிள்ளைகளே கட்டினார்கள். மழைக்குப் பயந்த ஒரு ராஜா. நனைந்தவர் யாரும் அரண்மனைக்குள் வரக்கூடாது என்று சட்டம் போடுகிறார். ஒரு நாள் அவர் மகளே நனைந்து வந்து வாசலில் நிற்கிறாள். சட்டப்படி உள்ளே விட முடியாது, விடாமலும் இருக்க முடியாது. கடைசியில் இளவரசி கையை நீட்டி, "அப்பா, நான் உள்ள வரக்கூடாதுன்னா நீங்க வெளிய வாங்க" என்கிறாள். ராஜா வெளியே வந்து நனைகிறார், சுபம். நல்ல கதைதானே? இளவரசி யார் என்று வகுப்பில் ஓட்டெடுப்பு நடந்தபோது, நாளைக்கு ஒருவரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று நான் அறையை விட்டே வெளியே போய் நின்றேன். திரும்பி வந்தால் உன் மருமகள் பெயர் கரும்பலகையில் இருக்கிறது. "வாழ்த்துகள்" என்றேன். "தேங்க் யூ சார்" என்றாள்.

ராஜா வேஷத்துக்குத்தான் அடிதடி. எல்லாரும் பல்லக்கு ஏறினால் தூக்குவது யார் என்று சொல்லிப் பார்த்தேன், ஒருத்தரும் கேட்கவில்லை. அப்போது எனக்குத் தெரிந்த ஒரே நியாயத்தைச் செய்தேன். ஒரு டீமில் எத்தனை பேர் ஆடினாலும் பெஞ்சில் மாற்று ஆட்டக்காரர்கள் உண்டா இல்லையா? அதே மாதிரி ராஜாவுக்கு ஐந்து பேரை வரிசையாகப் போட்டேன். களைத்துப் போனாலோ, வசனம் மறந்தாலோ, சிவப்பு அட்டை வாங்கினாலோ ராஜா கையைத் தூக்கலாம். ஓரத்தில் காத்திருக்கிறவன் வந்து கையில் ஒரு தட்டுத் தட்டிக் கிரீடத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பேச வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், நாடகத்தில் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லா நாடகமும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். மேடம் ஒத்திகை பார்க்க வந்தார். "ஏன் சார் ராஜா திடீர்னு குட்டையாயிட்டார்?" என்று கேட்டார். "போன ராஜா களைச்சுட்டார் மேடம்" என்றேன். எழுந்து போய்விட்டார். நல்லதா கெட்டதா என்று புரியவில்லை. வீட்டில் சொன்னால் உன் தம்பி பொண்டாட்டி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, கிரீடம் தைத்துக்கொண்டிருந்த ஊசியை விரலில் குத்திக்கொண்டாள்.

ஒத்திகையில் நான் பட்ட பாட்டைக் கேள். முதல் ராஜா சிரிப்பு மூட்டை, அவனைப் பார்த்து "அப்பா" என்கிறாள். இரண்டாவது நெட்டையன், அவனும் "அப்பா". மூன்றாவது ராஜாவின் தலை சின்னது, கிரீடம் காதில்தான் நிற்கும், அவனும் "அப்பா". நான்காவது ராஜா ஒரு பெண் பிள்ளை, ஒட்டு மீசை வைத்துக்கொண்டு வருவாள், மீசைக்காரி என்று பெயர். அவளைக் கூட வாய் நிறைய "அப்பா" என்கிறாள். ஐந்தாவது ஓட்டப்பந்தய வீரன், அவனுக்கும் உண்டு. ஊரான் பிள்ளை ஐந்து பேரை அப்பா என்கிறாள், பெற்றவன் ஓரத்தில் விசிலோடு நிற்கிறேன், எனக்கு "சார்". சில நாள் வசனம் சரியாக இருந்தாலும், "இன்னொரு தடவ சொல்லு, கடைசி வரிசைக்குக் கேக்கல" என்று திரும்பச் சொல்ல வைப்பேன். கடைசி வரிசைக்கு நன்றாகவே கேட்டது. இதை மாமாவிடம் படித்துக் காட்டாதே.

பெற்றோர் தினம் வந்தது. அரங்கம் நிறைந்துவிட்டது. வகுப்புத் தலைவி வந்து, "இந்த நாடகத்தில் களைத்த ராஜா கையைத் தூக்கலாம்" என்று அறிவித்தாள். ஜனங்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் கைதட்டினார்கள். திரை விலகியது. சிரிப்பு மூட்டை மூன்றாவது வசனத்திலேயே களுக்கென்று சிரித்தான். ஓரத்திலிருந்து மஞ்சளைக் காட்டினேன். அட்டையைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறான். சிவப்பு. நெட்டையன் வந்தான், "என் நாட்டில் ஒரு துளி மழையும்" என்று ஆரம்பித்தவன் தும்மினான், தும்மினான், நிறுத்தவே இல்லை. கையைத் தூக்கிவிட்டான். மூன்றாவது ராஜா வந்தான். கிரீடம் கண்ணை மறைத்துவிட்டது. சிம்மாசனம் என்று நினைத்து அரண்மனைச் சுவரில் போய் மோதினான். சுவர் ஆடியது, ஜன்னல் ஒன்று கழன்று மந்திரியின் மடியில் விழுந்தது. மந்திரி அதைப் பிடித்துக்கொண்டு, "மன்னா, காற்று வருகிறது" என்றான். அரங்கம் அதிர்ந்தது. மீசைக்காரி வந்ததும் பாதி மீசை கழன்றுவிட்டது. ஒரு கையால் மீசை, ஒரு கையால் வாள், தூக்கக் கை இல்லாமல் காலைத் தூக்கினாள். ஜனங்கள் இதற்குள் விதியைப் புரிந்துகொண்டு, "அடுத்த ராஜா! அடுத்த ராஜா!" என்று கூவ ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கோ வேர்த்துக் கொட்டுகிறது. பெஞ்சில் ஒரே ஒருத்தன்தான் பாக்கி. ஓட்டக்காரன். பள்ளியையே பத்துச் சுற்றுச் சுற்றினாலும் மூச்சு வாங்காதவன். இவன் கரை சேர்த்துவிடுவான் என்று நெஞ்சைத் தடவிக்கொண்டேன்.

இளவரசி வாசலில் நனைந்து நிற்கிறாள். அவளுடைய பெரிய காட்சி. ஓட்டக்காரன் சிம்மாசனத்தை விட்டு எழுந்தான், இரண்டு அடி வைத்தான், "ஐயோ, கால் பிடிச்சுக்கிச்சு!" என்று கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டான். நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது அக்கா. என் பிள்ளைகளில் ஒருத்தன் விழுந்தால் வலி ஸ்பிரேயை எடுத்துக்கொண்டு ஓடுவது இத்தனை வருஷப் பழக்கம். ஓடினேன். முட்டி போட்டேன். அவன் காலில் புஸ் புஸ் என்று அடித்த பிறகுதான் தலையை நிமிர்த்தினேன். எதிரே நானூறு பேர். நான் மேடை நடுவில், அரண்மனைக்குள், பனியனும் விளையாட்டுப் பேன்ட்டுமாக!

நழுவிவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் உன் மருமகள் வந்து, கீழே கிடந்தவன் தலையிலிருந்து கிரீடத்தைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டாள். மறுபடி வாசலுக்குப் போய் நின்றுகொண்டு, கையை நீட்டி, கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி, "அப்பா! நான் உள்ள வரக்கூடாதுன்னா நீங்க வெளிய வாங்க!" என்றாள். யாரோ ஒரு தகப்பன், "இந்த ராஜாதான்யா ராஜா மாதிரி இருக்காரு" என்று கத்தினான். பதற்றத்தில் மனுஷன் என்ன செய்வான்? நான் விசில் ஊதிவிட்டேன். ஊதினால் என்ன? சிலை! மேடையில் இருந்த அத்தனை பேரும் சிலை. ஏணி மேல் நீலக் காகிதத் துண்டு மழையைக் கொட்டத் தயாராக வாளியைச் சாய்த்தவர்கள் சாய்த்தபடி சிலை. தரையில் கிடந்தவன் கூடக் காலைத் தூக்கியபடி சிலை. உன் மருமகள் கையை நீட்டியபடி சிலை. அரங்கத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. இன்னொரு தடவை ஊதினால் உயிர் வந்துவிடும். ஊத வேண்டும். ஊத மூச்சே வரவில்லை அக்கா. நீட்டின அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் உதட்டை அசைக்காமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அப்பா, ஊதுங்க" என்றாள்.

ஊதினேன். வசனம் ஒன்றும் வரவில்லை. நேராகப் போய் அவள் கையைப் பிடித்தேன், வெளியே வந்தேன், மழை கொட்டியது. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நீலக் காகிதம் இன்னும் என் பேன்ட் பையில் இருக்கிறது. மேடம் வந்து, "அந்த மௌனக் காட்சி பிரமாதம் சார், யாரோட யோசனை?" என்றார். "மூச்சு முட்டிடுச்சு மேடம்" என்றேன். "அதுதான் சார் கலை" என்று சொல்லிவிட்டு, அடுத்த வருஷமும் நாடக வகுப்பை நீங்களே எடுங்கள் என்கிறார்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது அவள் மீசைக்காரியோடு சிரித்துப் பேசிக்கொண்டு அதே பஸ் தூரத்தில் முன்னால் போனாள். சாப்பிட்டாள், தூங்கிவிட்டாள். மறுநாளும் நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு மண்டை குடைகிறது. சத்தமாகச் சொன்ன அப்பா, வசனம். அது எனக்குத் தெரியும். மெதுவாகச் சொன்ன அப்பா எந்தக் கணக்கு? அதுவும் வேஷத்துக்குத்தானோ? பிள்ளை எத்தனை நாள் ஒத்திகை பார்த்த காட்சி, நான் ஸ்பிரேயோடு போய்க் குட்டிச்சுவர் ஆக்கிவிட்டேன். பாட்டில் கதை மாதிரி இதற்கும் ஒரு பட்டப்பெயர் வந்து சேருமோ என்று பயமாக இருக்கிறது. அதனால் திங்கட்கிழமை மேடத்திடம் நாடக வகுப்பு எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன். முடிவு செய்துவிட்டேன், மாற்றமில்லை. நீ ஒரு உதவி மட்டும் செய். அவள் உன்னிடம் எல்லாம் சொல்வாள். ஒரு நாள் போன் செய்து, பேச்சுவாக்கில் கேட்பது போல், அந்த இரண்டாவது அப்பாவைப் பற்றி விசாரி. நான் கேட்கச் சொன்னதாகத் தெரியக் கூடாது.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். முழங்காலுக்கு நான் சொல்லிக் கொடுத்த பயிற்சியைத் தினமும் செய்யச் சொல், சாக்கு சொன்னால் சிவப்பு அட்டை காட்டு. உன் ஆசியை எப்போதும் போல் எங்கள் மூன்று பேருக்கும் அனுப்பி வை.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள தம்பி

பின்குறிப்பு: அத்தை, இது நான். அப்பாவுக்கு எதையும் ஒளிச்சு வைக்கத் தெரியாது, இந்த லெட்டர பழைய ஷூவுக்குள்ள வச்சிருந்தார். முழுக்கப் படிச்சுட்டேன். அவர் சொல்றதெல்லாம் தப்பு. ராஜாக்கள் அஞ்சு பேரையும் வெளிய அனுப்பினது நான்தான். ஒரு வாரமா மாடிப்படிக்குக் கீழ ஒத்திகை பார்த்தோம். சிரிப்பு, தும்மல், மீசை எல்லாமே நடிப்பு. மூணாவது ராஜா சுவத்துல மோதினது மட்டும் நிஜம், அவன் கையத் தூக்கிட்டு வந்திருக்கணும், கிரீடம் கண்ண மறைச்சிடுச்சு. ஓட்டக்காரனுக்குக் காலும் பிடிக்கல, ஒண்ணும் பிடிக்கல. எங்கள்ல யார் விழுந்தாலும் அப்பா யோசிக்காம ஓடி வந்துடுவார்னு எங்க எல்லாருக்குமே தெரியும். நேரா அப்பான்னு கூப்பிட எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, அதான். விசில் மட்டும் எங்க திட்டத்துல இல்ல.

ரெண்டு நாளா அவர் ஒண்ணும் சொல்லலையா, அவருக்குப் பிடிக்கலையோன்னு நான்தான் பயந்துட்டு இருந்தேன். நேத்து மதியம் வராந்தாவுல வச்சு மேடம், "உங்க சார் அடுத்த வருஷம் எடுப்பாரான்னு தெரியலையே"ன்னாங்க. நான், "எடுப்பார் மேடம்"னேன். "அது எப்படிம்மா உனக்குத் தெரியும்?"னு கேட்டாங்க. "அவர் எங்கப்பா மேடம், எனக்குத் தெரியாதா?"ன்னேன். வகுப்பே நின்னு கேட்டுட்டு இருந்துச்சு. அதனால திங்கட்கிழமை அவர் வேண்டாம்னு சொல்ல முடியாது, அவருக்குத்தான் இன்னும் தெரியல.

கவரை நானே ஒட்டி ஷூவுக்குள்ளயே வச்சுடறேன், தானேதான் ஒட்டினோம்னு நினைச்சுக்குவார். நீங்க சும்மா கேக்கற மாதிரி போன் பண்ணுங்க. அவர் பக்கத்துல பேப்பர் படிக்கிற மாதிரி நின்னுட்டு இருப்பார். நான் முதல்ல ஒண்ணும் தெரியாத மாதிரி கொஞ்சம் இழுத்துட்டு, அப்புறம் அவர் காதுல விழற மாதிரியே பதில் சொல்றேன்.